பிரெஞ்சு மேசைக்காரி

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் கிராமர் அக்கா. பக்கத்தில் யார் தப்பாக ஆங்கிலம் பேசினாலும் அவள் வாய் சும்மா இருக்காது, உடனே திருத்தும். அப்பா வளர்த்த வளர்ப்பு அப்படி. வீட்டில் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். தமிழ் எல்லாம் சமையலறையில் அம்மாவோடு மட்டும், அதுவும் அவர் காதில் விழாத அளவுக்கு. அப்படிக் கற்றுக்கொண்ட ஆங்கிலத்தை வைத்து அவளுக்குக் கிடைத்த வேலை, முன்பின் தெரியாத ஊர்களில் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அழுத்தும் அபாய மணிக்குப் பதில் சொல்வது. எதிரே திரையில் விளக்கு மினுக்கும். ஹெட்செட்டில் யாரோ மூச்சு வாங்குவார்கள். பதறாதீர்கள், ஆள் வருகிறார் என்று சொல்லிவிட்டு மெக்கானிக்கை அனுப்ப வேண்டும்.

அவள் உட்கார்ந்திருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவு கார்டு வைத்தால்தான் திறக்கும், அந்தக் கார்டும் இடைவேளை நேரத்தில்தான் வேலை செய்யும். அடைபட்டுக் கிடப்பவர்களுக்குத் தைரியம் சொல்கிறவர்களையே அடைத்து வைக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ தெரியவில்லை.

ஆனாலும் ஆங்கில மேசையில் இருந்தவரை அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. விடியற்காலையில் போனால், நாலாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளி விட்டு வருவதற்குள் வீடு திரும்பிவிடலாம். அந்தச் சமயம் பார்த்து கம்பெனிக்குப் பிரெஞ்சு பேசும் ஊர் ஒன்றின் லிஃப்ட்டுகள் ஒட்டுமொத்தமாகக் கிடைத்தன. டீம் லீடர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கண் அவள் மேல் வந்து நின்றது.

"இங்கிலீஷ் கிராமர் இவ்வளவு சுத்தமா தெரிஞ்ச உங்களுக்கு பிரெஞ்சு எல்லாம் ஒரு மேட்டரே இல்ல மேடம். கொஞ்ச நாளைக்குத்தான். இன்னொருத்தரைத் தயார் பண்ணிட்டா நீங்க பழையபடி காலை ஷிஃப்ட்டுக்கு வந்துடலாம்."

அவள் நம்பினாள். பிரெஞ்சு மேசைக்கு நேரம் மதியத்தில் தொடங்கி, மகள் தூங்கிப்போன பிறகுதான் முடியும். வாரத்தில் ஆறு நாள் மகளை அவள் பார்த்தது காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மட்டும்தான்.

பாடம் கம்ப்யூட்டரில் வந்தது, ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கென்றே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடம். முன்னே இருப்பவரை அழைக்க பிரெஞ்சில் இரண்டு வார்த்தைகள் உண்டு, ஒன்று நெருங்கியவர்களுக்கு, மற்றது மரியாதைக்கு என்று பக்கம் பக்கமாக விளக்கியிருந்தார்கள். நீ, நீங்க. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஆண்பால் பெண்பால் விஷயத்தில் திணறிவிட்டாள். உயிரில்லாத பொருளுக்கெல்லாம் ஆண் பெண் உண்டாம். லிஃப்ட் ஆண், கதவு பெண். அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவர் சாப்பிட்டபடியே கேட்டார்.

"லிஃப்ட் ரிப்பேரானா, அந்த ரிப்பேரு?"

"பெண்."

"பாரு, கெட்டுப்போனது அவன், பேரு மட்டும் அவளுக்கு."

"எந்த ஊரா இருந்தா என்ன, பழி நம்ம தலையிலதானே," என்றாள் அவள்.

பாடம் முடிந்து மேசையில் உட்கார்ந்தபோதுதான் வினையே தொடங்கியது. பாடத்தில் இருந்த பிரெஞ்சை அந்த ஊரில் ஒருவரும் பேசுவதாகத் தெரியவில்லை. எனக்குத் தெரியாது என்பதற்கு அவள் 'ஜெ ந ஸே பா' என்று அட்சர சுத்தமாகப் படித்திருந்தாள். அவர்களோ 'ஷே பா' என்று பாதியை விழுங்கிவிட்டுப் போனார்கள். ஒருவர் எல்லாம் 'நிக்கெல்' என்றார். நிக்கல் உலோகத்தில் செய்த ஏதோ பாகம் உடைந்துவிட்டது என்று எழுதிக்கொண்டாள். பிரமாதம் என்று அதற்கு அர்த்தமாம். 'வந்துகொண்டிருக்கிறார்' என்று புத்தகத்தில் படித்தவன் தெருவில் 'வந்துட்டிருக்கார்' என்று கேட்டு முழிப்பதைப் போலத்தான் இதுவும். ஆனால் அவளுக்கு அது உறைக்கவில்லை. எந்த பிரெஞ்சு வார்த்தை வந்தாலும் அதை முதலில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்த்தான் அவளுக்குப் பார்க்கத் தெரியும். அப்பா போட்ட பூட்டு.

ஒருநாள் ஒருவர் மணியை அடித்துவிட்டு 'லெஸ்ஸே தோம்பே' என்றார். அவள் அதை வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பார்த்தாள். விடு, விழட்டும். ஐயோ, லிஃப்ட் விழுகிறது! தீயணைப்பு வண்டியை அனுப்பிவிட்டாள். அந்த மனிதர் சொன்னதோ, கதவு திறந்துவிட்டது, விட்டுத்தள்ளுங்கள் என்று. வந்தவர்கள் கோடரியால் நல்ல கதவை உடைத்துவிட்டுப் போனார்கள்.

டீம் லீடர் அவளை அறைக்குக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டார். "இன்னொரு தடவை காரணமில்லாம தீயணைப்பு வண்டி போச்சுன்னா காலை ஷிஃப்ட்டை நீங்க மறந்துடலாம் மேடம். இந்த மாசம் ஒழுங்கா ஓட்டுங்க. அடுத்த மாசம் உங்களை விட்டுடறேன்."

அவளுக்குப் பதிலாகப் புதிதாக எடுத்த ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தார். அடுத்த மாசம் அம்மா சாயங்காலம் வீட்டில் இருப்பேன் என்று மகளிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தாள். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தாள். யார் எப்படிக் கத்தினாலும் மெக்கானிக் மட்டும்தான், தீயணைப்பு வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

மாசக் கடைசியில் ஒரு மாலை விளக்கு மினுக்கியது. பெண் குரல், நடுத்தர வயது இருக்கும். எப்படி இருக்கிறீர்கள் என்று இவள் கேட்டாள். அந்தப் பெண் மெதுவாக, "பா தெரீப்ள்," என்றாள்.

'பா' என்றால் இல்லை. 'தெரீப்ள்' ஆங்கிலத்திலும் உண்டு, டெரிபிள். மோசம். மோசமில்லை என்கிறாள், அப்படியென்றால் பரவாயில்லை. அப்பாடா என்று 'அவசரமில்லை' என்ற வரிசையில் போட்டுவிட்டு, ஆள் வருவார் என்று சொல்லி லைனை வைத்தாள். அந்த வரிசைக்கு மெக்கானிக் சாவகாசமாகத்தான் வருவார்.

ஆங்கில மேசைப் பையன்கள் இரண்டு பேர் டீ எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார்கள். "நேத்து படத்துக்குப் போனியே, எப்படிடா?" என்றான் ஒருவன். "பயங்கரமால்லாம் இல்லடா, கடுப்பாயிடுச்சு," என்றான் மற்றவன்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயங்கரம் என்றால் பிரமாதம். பயங்கரமாக இல்லை என்றால் நன்றாக இல்லை. தெரீப்ளும் பயங்கரம்தானே. தெரீப்ள். பா தெரீப்ள். அந்தப் பெண் நன்றாக இல்லை என்றல்லவா சொன்னாள்!

லைனை மறுபடி போட்டாள். இப்போது கேட்டது பேச்சே இல்லை, விசில் போல ஒரு மூச்சு மட்டும். ஆஸ்துமா, மருந்து வீட்டில், என்று விட்டு விட்டு இரண்டு வார்த்தை வந்தது. தீயணைப்பு வண்டிக்கான பொத்தான் எதிரே இருந்தது. கை அதன் மேல் போய் நின்றது. இதுவும் தப்பாகப் புரிந்துகொண்டதாக இருந்தால்? காலை ஷிஃப்ட், சாயங்காலம், மகள், எல்லாம் அந்த விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவில் இருந்தன. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுத்திவிட்டாள்.

வண்டி வரும்வரை அந்தப் பெண்ணைப் பதற விடக்கூடாது. என்ன பேசுவது? தைரியம் சொல்வதற்குப் பாடத்தில் படித்த வாக்கியங்கள் எல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தன. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். கதவைப் பார்த்தபடி இருங்கள் என்றாள், கதவுக்கு ஆண்பால் போட்டு.

"லா," என்றது அந்த மூச்சு. பெண்பால் என்று திருத்தியது!

மூச்சுத் திணறும்போதும் இலக்கணம் பொறுக்காத ஒருத்தி. தன் ஜாதிதான் என்று புரிந்துவிட்டது அவளுக்கு. பிறகு வேண்டுமென்றே தப்பாகப் பேசினாள். பைக்குப் பெண்பால் போட்டாள். "லெ," என்று பதில் வந்தது. விளக்குக்கு ஆண்பால். "லா." மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் ஒரு எழுத்து, அதற்கு மேல் அந்தப் பெண் பேச வேண்டியதில்லை. ஆயுள் முழுக்க அடுத்தவர் தப்பைத் திருத்தியவள் அன்று தப்புக்கு மேல் தப்பாக அள்ளி விட்டாள். கடைசியில் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நீங்க வேண்டாம், நீன்னே கூப்பிடு என்றாள். அப்புறம் இரும்பு நெம்பும் சத்தமும் ஆண் குரல்களும் கேட்டன. லைன் அறுந்தது.

பிழைத்துக்கொண்டாள் என்று மறுநாள் தகவல் வந்தது. அதற்கடுத்த நாள் காலையில் இவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே கதை முழுவதையும் சொன்னாள். மகள் வாயைப் பிளந்து கேட்டாள். மனசு நிறைந்து போயிருந்தது, பொய் சொல்வானேன்.

அடுத்த வாரம் டீம் லீடர் எல்லாரையும் நிறுத்தி வைத்து அந்தப் பேச்சின் பதிவைப் போட்டுக் காட்டினார். கை தட்டச் சொன்னார். தட்டினார்கள். பிறகு அவளைத் தனியாக அழைத்தார்.

"உங்க குரல்தான் வேணும்னு அந்த ஊர்க்காரங்க கேக்கறாங்க மேடம். இன்னும் நிறைய கட்டடம் நமக்குத் தரப் போறாங்க."

"சந்தோஷம் சார். காலை ஷிஃப்ட்டு?"

"இதுக்கப்புறம் எப்படி மேடம்? உங்களை விட்டா அந்த மேசைக்கு ஆளே இல்ல. புதுசா வந்தவரை வேற டீமுக்கு மாத்திட்டேன்."

"தப்பு பண்ணினா காலை ஷிஃப்ட் இல்லன்னீங்க சார்."

"ஆமா."

"நான் தப்பு பண்ணலையே."

"அதனாலதான் மேடம்," என்றார் அவர். மனசார, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

ஒழுங்காகக் கற்காமல் இருந்திருந்தால் அந்த மேசையிலிருந்து எப்போதோ தூக்கியிருப்பார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் ஒவ்வொரு வார்த்தையாகக் கற்றுத் தனக்குத் தானே ஆணி அடித்துக்கொண்டாள். வேலையை உதறிவிடலாம்தான். அச்சகத்துச் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிட முடியாது என்று அவளுக்குத் தெரியும், டீம் லீடருக்கும் தெரியும்.

இடைவேளையில் கார்டை வைத்து நடைக்கு வந்து வீட்டுக்கு போன் போட்டாள். மகள்தான் எடுத்தாள். பள்ளியிலிருந்து வந்து தானே கதவைத் திறந்து, தானே சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, அடுத்த மாசம் அம்மா சாயங்காலம் வந்துடறேன்னு சொன்னேன்ல..."

"வர மாட்டே. அதானேம்மா?"

"ஆமாடா," என்றாள் அவள். மகள் அடுத்துக் கேட்டாள்.

"அந்த லிஃப்ட் ஆன்ட்டி நல்லா இருக்காங்களாம்மா?"

"இருக்காங்கடா. வீட்டுக்குப் போயிட்டாங்களாம்."

"சரி விடும்மா," என்றாள் மகள். "அவங்களாவது வெளிய வந்தாங்களே."