தேரியில் நடந்த கால்

எனக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரை போட்டால் போதும், மற்றதெல்லாம் டாக்டர்கள் காட்டும் பூச்சாண்டி என்று நினைத்திருந்த முட்டாள் நான். தூத்துக்குடியில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன்.

போன கோடையில் நானும் மனைவியும் இலங்கைக்குப் போய் அனுராதபுரம் பார்த்தோம். அந்தக் காலத்துப் புத்த ராஜாக்களின் தலைநகரம். கூரை போய்க் கல்தூண்கள் மட்டும் நிற்கின்றன. அங்குள்ள பெரிய வெள்ளைத் தூபியைச் சுற்ற வேண்டுமானால் செருப்பைக் கழற்ற வேண்டும். உச்சி வெயில். மனைவி பையிலிருந்து சாக்ஸை எடுத்து நீட்டினாள். அதைப் போட்டுக்கொண்டு நடக்க அங்கே தடையில்லை.

"ஏளா, தேரிக்காட்டுச் சுடுமணல்ல வெறுங்காலோட பள்ளிக்கூடம் போனவன் நான். எனக்கு எதுக்கு இது?" என்றேன்.

"கல்லு கொதிக்கு. உங்களுக்கு மட்டும் சுடாதோ?"

எனக்குச் சுடவில்லை. துள்ளித் துள்ளி நடந்தவர்களைக் கேலி செய்துகொண்டே மூன்று சுற்று வந்தேன்.

வேனில் ஏறியபோது நான் மிதித்த இடமெல்லாம் ஈரமாக இருப்பதை மனைவி பார்த்தாள். என் காலைத் தூக்கி மடியில் வைத்தாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். இரண்டு உடைந்திருந்தன. எனக்கு வலியே இல்லை. அவள்தான் அழுதாள்.

அழுதுகொண்டே அங்கிருந்த மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். அதனால் கால் தப்பியது. ஊருக்கு வந்ததும் எங்கள் டாக்டர் சொன்னார்: "சூடு தெரியாதது வீரம் இல்ல அண்ணாச்சி. சர்க்கரை நரம்பைத் தின்னுட்டு. ரெண்டு நாள் விட்டிருந்தா விரலை எடுத்திருப்போம்."

இப்போது தினமும் காலையில் உள்ளங்காலை அவளிடம் காட்டிவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன். கோயிலில் செருப்பைக் கழற்றும் முன் தரை சுடுகிறதா என்று அவளைத்தான் கேட்கிறேன். அவள் சுடுகிறது என்றால் எனக்கும் சுடுகிறது.