துணி வெளுக்கிறவள் என்றொரு குருவி

அரசலாற்றுத் துறையில் அம்மா துணி அடிக்கும் கல்லைச் சுற்றி ஒரு வாலாட்டிக் குருவி திரியும். கறுப்பும் வெள்ளையுமாய், வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு பூச்சி பொறுக்கும். மயிலையும் குயிலையும் பாடித் தீர்த்த புலவர்களில் எவராவது அதை ஏறிட்டுப் பார்த்தாரா, தெரியாது. என் தமிழ்ப் பாடப்புத்தகம் எதிலும் அது இல்லை. ஊர்த் துணி வெளுக்கும் எங்களையே பார்க்காதவர்கள் எங்கள் கல்லில் உட்காரும் குருவியையா பார்க்கப் போகிறார்கள்!

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போவதற்கு முந்தைய வருடம், பிரெஞ்சுப் பாடத்தில் அதே குருவியின் படம் வந்தது. நாங்கள் மிசே என்று கூப்பிடும் வாத்தியார் நம்மூர்த் தமிழர்தான். நடையில் மட்டும் வெள்ளைக்காரர்.

"இதுக்குப் பேரு லவாந்தியேர். துணி வெளுக்கிறவள்னு அர்த்தம்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "எழுந்திரு. எல்லாரும் பாக்கட்டும்."

வகுப்பே சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "வாலை ஆட்டுடி" என்றாள். அதற்கும் பல்லைக் காட்டினார் அந்த மனிதர்.

பெயரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கோ ஒரு தேசத்து ஆற்றங்கரையில் வெளுக்கிறவர்களைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்; வைக்கட்டும். அதை எடுத்து என் முகத்தில் வீசினாரே, அதற்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது.

"குருவி துணி வெளுக்காது மிசே. நீங்க போட்டுருக்க சட்டைய எங்கம்மாதான் வெளுத்தாங்க. காலரத் திருப்பிப் பாருங்க, எந்த வூட்டுத் துணின்னு அவங்க போட்ட குறி இருக்கும்" என்றேன்.

அம்மா வந்து மன்னிப்புக் கேட்டால்தான் இனிப் பள்ளிக்கூடம் என்று விரட்டிவிட்டார்.

மறுநாள் அம்மா வந்தாள். வீட்டுக்கு வீடு கைகட்டி நின்றே பழகியவள். இங்கேயும் காலில் விழுந்துவிடுவாளோ என்று எனக்கு அவள்மேலும் ஆத்திரம். மிசே நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தார்.

"பொண்ணு பள்ளிக்கொடத்துக்கு வரும்ங்க மிசே" என்றாள் அம்மா. "ஒங்க வூட்டுத் துணிதான் இனிமே எங்க தொறைக்கு வராது."

எங்களில் ஒரு குடும்பம் வெளுக்க மறுத்த வீட்டுத் துணியை வேறு யாரும் தொடமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். அம்மா என்னை வகுப்புக்குள் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் முழுக்க மிசே ஒரே அழுக்குச் சட்டையில் வந்தார். தினமும் தலையைக் குனிந்தபடி பதிவேட்டைத் திறந்து, என் பெயரையும் கூப்பிட்டார்.