பதிவுக்காரரின் சைக்கிள்

1. செருப்பு வந்த நாள்

முதல் நாளே எங்கள் நடிகருக்கு அடி விழப் பார்த்தது. நாடகம் முடிந்ததும் நான் பற்றரி மைக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போய், "இதில யார் செஞ்சது பிழை?" என்று சனத்தைக் கேட்டேன். கேட்டு வாய் மூடவில்லை, பெண்கள் பக்கமிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து அலியார் காக்காவின் காலடியில் விழுந்தது.

"நீதான் மனிசா அந்த ரெண்டு புள்ளையளையும் சாகடிச்ச!"

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நாடகத்தை எழுதியவன் நான். அதில் ஒரேயொரு நல்ல மனிதர் இருந்தார் என்றால் அது அலியார் காக்கா நடித்த பாத்திரம்தான்.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. பள்ளிக்கூடத்தில் நாடகமும் தமிழும் படிப்பித்து ஓய்வு பெற்றிருந்த என்னை ஒரு நிவாரண நிறுவனம் பீல்ட் ஒபீசராக எடுத்தது. பெரியநீலாவணையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் உள்ள முகாம்களில் நாடகம் போடுவது என் வேலை. கொழும்பிலிருந்து வந்த மெனேஜர் சொன்னதும் இவ்வளவுதான்: "சேர், மனசு உடைஞ்ச சனம். ஒரு நாடகத்தப் போட்டு, முடிவில டிஸ்கஷன் ஒன்டு வைங்க. ரிப்போர்ட்ட எனக்கு அனுப்புங்க."

நான் சோக நாடகம் எழுதினேன். சிரிப்பு நாடகம் போட்டால் செருப்பால் அடிப்பார்கள் என்று மெனேஜருக்கு விளக்கமும் கொடுத்தேன். என் அறிவை என்னவென்று சொல்வது!

கதை இதுதான். எங்கள் கிழக்குக் கரையில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்குரியது. பெண்ணைப் பெற்றவர் வீட்டைக் கட்டி வைத்துவிட்டுத்தான் மாப்பிள்ளை தேடுவார். அந்த வீட்டைக் கடல் கொண்டுபோனால் பெண்ணின் கலியாணமும் போயிற்று. கடலோரத்தில் திருப்பிக் கட்டவும் அப்போது தடை. என் நாடகத்துப் பெண் அப்படி வீடு இழந்தவள். அவளை விரும்பிய பையனின் வீட்டார் வேண்டாம் என்கிறார்கள். இருவரும் ஊர் விவாகப் பதிவுக்காரரிடம் போய் அழுகிறார்கள். அவர், "தம்பி, நீ கொஞ்ச நாளைக்குப் பொத்துவிலுக்குப் போ. பெரியாக்களை நான் சரிக்கட்டிப்போட்டு உனக்குச் சொல்லி அனுப்புறன்" என்கிறார். சொன்னபடி சரிக்கட்டியும் விடுகிறார். பஸ் கொண்டக்டர் ஒருவரிடம் செய்தி சொல்லி விடுகிறார். அடுத்த நாள் ஹர்த்தால். பஸ் ஓடவில்லை. செய்தி கிடைக்காத பையன், பெண்ணை வேறு யாருக்கோ கொடுக்கப் போகிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஆளில்லாத வீதியில் தனியே வருகிறான். சூடு விழுகிறது. யார் சுட்டது என்று நாடகம் சொல்லாது. அந்தக் காலத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். செய்தி கேட்ட பெண்ணும் உயிரை விடுகிறாள். பதிவுக்காரர் தலையில் கை வைத்து அழ, நாடகம் முடியும்.

வீடு கேட்ட சனம் இருக்கிறது, சுட்ட துவக்கு இருக்கிறது, ஓடாத பஸ் இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு உதவி செய்ய வந்த மனிதருக்குச் செருப்பா?

2. திரைக்குப் பின்னால்

நடிகர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் அலியார் நிஜத்தில் கலியாணப் புரோக்கர். கதையால் ஆளை மயக்கும் மனிதர் என்றுதான் அவரைப் பிடித்தேன். மேடையில் பதிவுக்காரரின் வீட்டைக் காட்ட செட் போட எங்களிடம் வசதியில்லை. அவருடைய பழைய சைக்கிளையே ஒரு மரத்தில் சாத்தி வைப்போம். சைக்கிள் நின்றால் பதிவுக்காரரின் வீடு என்று சனம் விளங்கிக்கொள்ளும்.

பையனாக நடித்தவன் றியாஸ், தோணிக்காரக் குடும்பத்துப் பிள்ளை. பெண் பாத்திரத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. முகாமில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த சிபானாவுக்கு நல்ல குரல். அவள் வாப்பாவிடம் போய்க் கேட்டேன்.

"புள்ள மேடையில ஏற ஏலா சேர். குரல் மட்டுமெண்டா பரவால்ல."

அப்படித்தான் மேடையில் ஒரு சாரியைத் திரையாகக் கட்டினோம். சிபானா பின்னால் இருந்து பேசுவாள். றியாஸ் முன்னால் நின்று துணியைப் பார்த்துப் பேசுவான். ரிகர்சலில் முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. அவன் அந்தத் துணியைப் பார்த்துப் பேசிய மாதிரி நான் படிப்பித்த காலத்தில் எந்த மாணவனும் ஒரு பெண்ணைப் பார்த்தே பேசியதில்லை. நான் அதை நடிப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

3. எல்லா இடத்திலும் ஒரே பதில்

முகாம் முகாமாகப் போனோம். பின்னேர அஸர் தொழுகை முடிந்து தொடங்கினால் இருட்டுவதற்குள் முடித்துவிடுவோம். போன இடமெல்லாம் நான் அதே கேள்வியைக் கேட்டேன், அதே பதில்தான் வந்தது. பதிவுக்காரர்தான் குற்றவாளி.

"ஏன்? அவர் நல்லதுக்குத்தானே சொன்னவர்?" என்று நானே வாதாடுவேன். டிஸ்கஷன் நடத்துகிறவன் பக்கம் சாயக்கூடாது என்று மெனேஜர் சொல்லியிருந்தார். எங்கே முடிகிறது!

பெரியநீலாவணையில் ஒரு மீன்காரப் பெண் எழும்பி நின்றாள். "சேர், எனக்கொரு கேள்வி. அந்தப் பதிவுக்காரருக்குச் சைக்கிள் இல்லையோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சைக்கிள் அவளுக்கு முன்னால் மரத்தில் சாத்தித்தானே நின்றது! நாடகத்தைக் கவனிக்காமல் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று நினைத்து, அடுத்த ஆளிடம் மைக்கைக் கொடுத்துவிட்டேன்.

கூத்து என்னவென்றால், மேடையில் விழுந்த பழி மேடையோடு நிற்கவில்லை. அலியார் காக்காவை நம்பிச் சம்பந்தம் கதைக்க வந்தவர்கள் குறையத் தொடங்கினார்கள். ஒரு தாய் அவரிடம் நேராகவே சொன்னாளாம்: "வேணாம் காக்கா, உங்கட கை ராசியில்ல. அந்த ரெண்டு புள்ளையளுக்கும் நடந்தத நான் கண்ணால கண்ட."

"நாடகம் ராத்தா, அது நாடகம்!" என்று இவர் கத்தியிருக்கிறார்.

"ஓம், தெரியும். எண்டாலும்..."

என்னிடம் வந்து அவர் பாய்ந்த பாய்ச்சல் இருக்கிறதே! "சேர், நீங்க எழுதினதத்தானே நான் சொன்ன? எனக்கேன் இந்த மானக்கேடு?" நாங்கள் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

4. வாய் மூடிய புரோக்கர்

இப்படி இருக்கும்போதுதான் றியாசும் சிபானாவும் நிஜமாகவே ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள் என்ற செய்தி வந்தது. அதுவும் அலியார் காக்கா மூலமாகத்தான் வந்தது. றியாஸ் அவரிடம் போய், "மாமா, எங்கட உம்மா சம்மாந்துறையில வீட்டோட ஒரு பொண் பாக்கா. சிபானாட வீடு கடலோட போயிட்டு எண்டு இவள வேணாமெண்டு சொல்றா. நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்க" என்று கெஞ்சியிருக்கிறான்.

நாடகம் அப்படியே வீட்டு வாசற்படலைக்கு வந்து நிற்கிறது!

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லல்ல. சொல்லவும் மாட்டன். 'போடா மனே, எனக்குத் தெரியா' எண்டு அவன அனுப்பிட்டன்."

"அப்படி எப்பிடி விடுறது? அந்தப் பொடியன்ட உம்மா உங்கட பேச்சுக் கேக்கிறவ. நீங்க போய்க் கதைச்சா..."

"கதைச்சு ஏதும் ஒண்டு நடந்தா? செருப்பு யாருக்கு வரும்? எழுதின உங்களுக்கா?"

அவர் சொல்வது சரி போலவும் இருந்தது, பிழை போலவும் இருந்தது. புத்தி சொன்னவர் குற்றவாளி என்று ஊரெல்லாம் சொல்கிறது. அப்படியானால் சொல்லாமல் இருப்பவர் நல்லவரா? அன்று முழுக்க நான் இதையே யோசித்துக்கொண்டு திரிந்தேன். வீட்டில் மனைவி, "ஆருக்கும் ஒண்டும் சொல்லாம இருந்து நீங்க என்னத்த வெட்டிப் புடுங்கினீங்க?" என்று கேட்டாள். அவள் வேறு எதையோ வைத்துக்கொண்டு கேட்டாள், ஆனால் எனக்குச் சுட்டது.

சம்மாந்துறைப் பெண்ணைப் பேசி முடிக்க நாள் குறிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். சிபானா ரிகர்சலுக்கு வந்தாள். திரைக்குப் பின்னால் இருந்து வசனத்தைச் சரியாகத்தான் சொன்னாள். குரல்தான் கம்மியிருந்தது.

5. கியூ தவறிய மேடை

கடைசி மேடையேற்றம் றியாசின் முகாமில். அவன் தாய் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தாள். மகன் நாடகத்தில் கதாநாயகன் என்ற பெருமை முகத்தில் தெரிந்தது.

பதிவுக்காரர் வீட்டுக் கட்டம் வந்தது. றியாஸ், "நான் என்ன செய்ய?" என்று கேட்டான். அதுதான் அலியார் காக்கா தன் வசனத்தைத் தொடங்க வேண்டிய கியூ. "பொத்துவிலுக்குப் போ" என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

நான் ஓரத்தில் நின்று புரொம்ப்ட் கொடுத்தேன். "பொத்துவிலுக்குப் போ..." இன்னும் கொஞ்சம் சத்தமாக, "பொத்துவிலுக்குப் போ!" முன்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சேர்ந்து கத்தினார்கள், "பொத்துவிலுக்குப் போ!" மனுசன் அசையவில்லை. மெதுவாகச் சனத்தின் பக்கம் திரும்பினார்.

"இஞ்ச பாருங்க. நான் ஏதும் சொன்னா நான் கொலகாரன். சரி, நான் சொல்லல்ல. நீங்க சொல்லுங்க, இந்தப் புள்ளையளுக்கு என்ன செய்ய?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊர் ஊராகத் தீர்ப்புச் சொன்ன சனம்! றியாஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். திரை கொஞ்சம் ஆடியது. பின்னால் சிபானா அழுகிறாள் என்று எங்களுக்குத் தெரிந்தது. சனத்துக்கும் தெரிந்தது.

றியாசின் தாய்தான் பொறுக்கமுடியாமல் எழும்பினாள். "என்ன மனிசன் நீங்க! ரெண்டும் உங்கள நம்பித்தானே வந்து நிக்கிது. வாயத் தொறந்து என்னமாவது சொல்லுங்களேன்!"

"சொன்னாக் கேப்பிங்களா ராத்தா?"

"ஏன் கேக்காம? சொல்லுங்க!"

"அப்ப உங்கட மகன இந்தப் புள்ளைட டென்டுக்கு மாப்பிள்ளையா அனுப்புங்க. வீடு வாற நேரம் வரட்டும்."

ஆண்கள் பக்கத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தாய் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனாள். நாடகம் அந்த இடத்திலேயே நின்றது. நான் டிஸ்கஷன் வைக்கவில்லை. ரிப்போர்ட்டில் என்ன எழுதினேன் என்று இப்போது ஞாபகமில்லை, உண்மையை எழுதவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்த நாளிலிருந்து அலியார் காக்கா அந்தத் தாயின் கூடாரத்துக்கு நடையாய் நடந்தார். ஏச்சு வாங்கினார். திரும்பப் போனார். அவள் மனம் மாறித்தான் சம்மதித்தாளா, சபையில் வாய் விட்ட வெட்கத்தில் சம்மதித்தாளா, எனக்குத் தெரியாது. நிக்காஹ் கூடாரத்தில் நடந்தது. மாப்பிள்ளை குனிந்துதான் உள்ளே போனார்.

6. யுத்தம் முடிந்த பிறகு

யுத்தம் முடிந்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறாமல் பஸ்ஸில் போகக்கூடிய காலம் வந்தபோது, வேறொரு நிறுவனம் அதே நாடகத்தைத் திருப்பிப் போடக் கேட்டது. ஸ்கிரிப்டைத் தூக்கிக்கொண்டு அலியார் காக்காவிடம் போனேன். அவர் முற்றத்தில் பெனியனோடு இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சிபானா இடுப்பில் பிள்ளையோடு வந்துவிட்டாள். "மாமா, நீங்கதானே இவரக் கட்டச் சொன்னநீங்க? வாங்க, வந்து கேளுங்க. என்ட வீட்டில நான் விருந்தாளியா?"

விசயம் இது. சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுத்தவர்கள் குடும்பத் தலைவர் என்று றியாசின் பெயரில் வீட்டை எழுதிவிட்டார்கள். வெளியூரார், எங்கள் வழக்கம் அவர்களுக்கு எங்கே தெரியும்? மகன் பெயரில் வீடு என்றதும் மாமியார் வந்து இருந்துவிட்டார். அன்றைக்கு அடுப்படியில் தொடங்கிய சண்டை படலையைத் தாண்டிவிட்டது. பெற்றவர் கட்டிக் கொடுத்த வீட்டில் ராணியாக இருந்திருக்க வேண்டியவள், மாமியாரிடம் கேட்டு உப்பு எடுக்கிறாள்.

"நீ முன்னுக்குப் போ மகள், வாறன்" என்றார் அலியார் காக்கா. அவள் போனதும் என்னைப் பார்த்தார். "அவள் சந்தோசமா இருந்தா அது அல்லாட றஹ்மத் சேர். சண்டை வந்தா அலியார்ட பிழை. எனக்கு இது பழகிட்டு."

"அப்ப அண்டைக்குச் சொன்னது பிழையா, சரியா?"

"எனக்கெப்பிடித் தெரியும்? வீட்டப் பொண்புள்ளைட பேருக்கு மாத்தலாமா எண்டு அரசாங்கக் கந்தோருக்கும் போகணும். நாடகம் கிடக்கட்டும். நான் போயிட்டு வாறன்."

எழுந்தார். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, மதிலில் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்தார். மேடையில் மரத்தோடு சாத்தி வைத்தோமே, அதே சைக்கிள். செயின் கிறீச்சிட அவர் ஒழுங்கையால் திரும்பி மறையும் வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரியநீலாவணையில் அந்தப் பெண் கேட்டது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஹர்த்தாலில் பஸ் ஓடாது. சைக்கிள் ஓடும். என் பதிவுக்காரர் நல்ல புத்தி சொன்னார், நல்ல செய்தி அனுப்பினார், வீட்டில் இருந்தார். சைக்கிள் நாடகம் முடியும் வரை மரத்திலேயே சாத்தி நின்றது. அதை அங்கே வைத்தவனே நான்தான், எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கடைசிக் கட்டத்தைத் திருத்த இருந்தேன். பதிவுக்காரரைச் சைக்கிளில் ஏற்றினேன். ஏற்றினால் பையன் சாகமாட்டான். சாகாவிட்டால் கலியாணம் நடக்கும், பிறகு சண்டை வரும், அவர் திரும்பவும் சைக்கிளை எடுக்க வேண்டும். அந்த நாடகத்துக்கு முடிவு எங்கே? நிறுவனத்துக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், சனத்துக்கு எப்படிப் புத்தி சொல்வது என்று என்னிடம் கேட்பார்கள். சொல்லலாமா கூடாதா என்பதில் எனக்கு இன்னும் குழப்பம்தான். சொல்வதென்றால் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு சொல்லுங்கள் என்பேன். கூடவே போக வேண்டி வரும்.