ரசூல் பீவி வாங்கிய கணக்குப் புத்தகம்

ராயபுரத்தில் பதினாலு வருஷமாக நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறேன். விற்ற சரக்கைத் திருப்பிக் கொண்டுவரும் ஆளைக் கண்டால் எனக்கு ஆகாது. பருப்பு வாங்கியவன் வேகவைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று திருப்பித் தருகிறானா? நோட்டு என்றால் மட்டும் கோடு சரியில்லை, அட்டை பிடிக்கவில்லை என்று வந்து நிற்பார்கள். அப்படி வந்தவர்களில் முதல் இடம் ரசூல் பீவிக்குத்தான். ஒரே மாதத்தில் ஐந்து தடவை வந்தாள்.

அவள் புருஷன் மஜீதுக்கு மாதா கோவிலுக்குப் பின்னால் சின்ன மளிகைக் கடை. கடையின் பின்கட்டிலேயே குடித்தனம். ஒரே மகள், ஜீனத். அவள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, ஐம்பத்தைந்தாம் வருஷ மழைக்காலத்தில், இடுப்பு எலும்பில் காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். பெரியாஸ்பத்திரியில் நெஞ்சிலிருந்து முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு, ஒன்றரை வருஷம் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த ஜூன் மாதம் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ரசூல் பீவி என் கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, மூணாங் கிளாசுக்கு இன்னா இன்னா பொஸ்தகம் வேணுமோ அல்லாத்தையும் குடுங்க. பொண்ணுக்கு வூட்டுலயே சொல்லிக் குடுக்கப் போறேன்."

"வீட்டுல யாரும்மா சொல்லிக் குடுக்கப் போறது?"

"நான்தான்."

"நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கிய?"

"நானும் மூணாவதுதான். இந்த வருசம் தப்பிச்சுக்கலாம், அடுத்த வருசத்தை அப்பால பாத்துக்கலாம்" என்று சிரித்தாள்.

நானும் சிரித்துவிட்டு, வாசகப் புத்தகம், கையெழுத்துக் காப்பி, கணக்கு அப்பியாசப் புத்தகம் மூன்றையும் கட்டிக் கொடுத்தேன். அப்பியாசப் புத்தகம் என்றால் கணக்கு அச்சடித்திருக்கும். அதன் கீழேயே விடை எழுத இடம் விட்டிருக்கும். அது போதும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் மூன்றோடும் வந்து நின்றாள்.

"இது பளுவா கீது அண்ணாச்சி."

"புஸ்தகம் பளுவா இல்லாம பஞ்சு மாதிரியா இருக்கும்?"

அவள் என் கடை வாசலில் நின்றபடியே தலையை அண்ணாந்து, புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினாள். ஜீனத் படுத்தபடி ஒரு கையால் புத்தகத்தை மேலே பிடித்துக்கொண்டு மறு கையால் எழுத வேண்டுமாம். நாலு வரி எழுதுவதற்குள் கை சோர்ந்து புத்தகம் மூக்கின் மேல் விழுந்துவிடுகிறதாம். பேனாவில் மை ஊற்றி எழுதினால் கண்ணிலேயே சொட்டுகிறது, அதனால் பென்சில்தான். பென்சில் நன்றாகப் பிடிக்கும் காகிதமாக வேண்டும், அழித்தால் கிழியக் கூடாது, எடையும் இருக்கக் கூடாது. இத்தனை நிபந்தனையையும் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருந்தாலும் வேறு இரண்டு கொடுத்தேன். அவற்றை எடுத்துப்போய்ப் புருஷனின் தராசில் போட்டு நிறுத்துப் பார்த்திருக்கிறாள். "இது ரெண்டு பலம் கூட வருது" என்று மறுபடி வந்தாள். என் வாழ்நாளில் கணக்குப் புத்தகத்தை எடை பார்த்து வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

ஐந்தாம் தடவை வந்தபோது என் பொறுமை போய்விட்டது. மேல் அலமாரியின் மூலையில் ஒரு கட்டுக் கிடந்தது. எனக்கு முன்னால் கடை வைத்திருந்தவர் விட்டுப்போனது. யுத்த காலத்தில் அச்சடித்த மூன்றாம் வகுப்புக் கணக்கு அப்பியாசம். காகிதத் தட்டுப்பாட்டில் மெல்லிசுத் தாளில் போட்டிருந்தார்கள், அட்டைகூடக் கிடையாது. தூசியைத் தட்டிக் கொடுத்தேன். அவள் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான், பழைய சரக்கு ஒன்று கழிந்ததே என்று.

அதற்குப் பிறகு ஒருநாள் மிளகாய் வாங்க மஜீதின் கடைக்குப் போயிருந்தேன். நடுக்கதவு திறந்திருந்தது. ஒரு பலகைமேல் ஜீனத் படுத்திருந்தாள். கண்ணுக்கு நேரே அந்தப் புத்தகம், பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. கை வலித்தால் இறக்கி உதறிக்கொண்டு மறுபடி தூக்கினாள். ரசூல் பீவி பக்கத்தில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்தபடி, "ரூபாய்க்கு நாலு படின்னா பத்தணாவுக்கு எத்தினி?" என்று கேட்டாள். "ரெண்டரைப் படிம்மா" என்று பெண் சொன்னது. புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போடவைத்திருக்கிறாள். அது மூன்றாவது சுற்று.

"ஏம்மா, குழந்தை எழுந்து நடக்கட்டும். அப்புறம் படிச்சா ஆவாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆவாது அண்ணாச்சி. வர்ற ஜூன்ல பள்ளிக்கூடத்துல பரீட்சை வச்சு, பாஸாச்சுன்னா நாலாவதுல சேத்துக்கறேன்னு பெரிய டீச்சர் சொல்லிக்கீறாங்க. நாலாவதுல சேந்தா ரெண்டு வருசத்துல அஞ்சாவது முடிச்சுடும். அதுக்கப்பால இது பெரிய மனுசி ஆயிடும், இவுங்க அப்பா வெளியே அனுப்ப மாட்டாரு. ஒரு வருசம் பின்னால போனாலும் அஞ்சாவது கிடையாது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கால் கொஞ்சம் விந்தும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அஞ்சாவது முடிச்சிருந்தா எங்கனா குந்திகினு ஒரு வேலை பாக்கும்" என்றாள்.

மஜீதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. திசையன்விளைப் பக்கம் எங்கள் வீட்டில் என் தங்கைகள் இரண்டு பேரும் அப்படித்தான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றார்கள். அப்போது நானும் தடுக்கவில்லை.

ஐம்பத்தேழு ஏப்ரலில் நயா பைசா வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது போய் நூறு பைசா ஆயிற்று. கடைத்தெருவில் என்னமோ நாங்கள் அணாவையே பேசிக்கொண்டிருந்தோம். புதுக் காசைக் கொடுத்தால் கிழவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், நெற்றியில் வியர்வை வழிய ரசூல் பீவி வந்தாள். கையில் அந்த மெல்லிசுப் புத்தகம்.

"அண்ணாச்சி, காசு மாறிப்போச்சே, பள்ளிக்கூடத்துல கணக்கும் மாறிடுமா? புதுப் பொஸ்தகம் வந்திருந்தா இத்த வச்சிகினு அத்த குடுங்களேன்."

வந்திருந்தது. அன்று காலைதான் சைனா பஜாரிலிருந்து கட்டு வந்திருந்தது, என் காலடியில் பிரிக்காமல் கிடந்தது. ஆனால் அன்று வெயிலில் எனக்குத் தலைவலி. கட்டைப் பிரிக்க வேண்டும், இவள் ஒன்றை எடுத்துப்போய் நிறுத்துப் பார்ப்பாள், நாளைக்குப் பளு என்று வருவாள், மறுபடி ஐந்து நடை. மூன்று தடவை எழுதி அழித்த புத்தகத்தை வாங்கி நான் என்ன செய்வது? இதெல்லாம் மனசில் ஓடியது.

"பள்ளிக்கூடத்துல அதெல்லாம் உடனே மாறாதும்மா. இன்னும் ரெண்டு வருசம் ஆவும். இதையே போடச் சொல்லுங்க" என்றேன்.

"அப்படியா? நீங்க சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குப் பள்ளிக்கூடத்து விஷயம் ஒரு மண்ணும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கட்டைப் பிரித்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல் தண்ணீர் குடித்துவிட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மே மாதம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். ஜூனில் பரீட்சை நடந்தது. மறுநாள் ரசூல் பீவி கடைக்கு வந்தாள். நானே கேட்டேன், "என்னம்மா ஆச்சு?"

"படிக்கச் சொன்னாங்க, கடகடன்னு படிச்சுது. எழுதச் சொன்னாங்க, எழுத்து முத்து முத்தா கீதுன்னாங்க. கணக்கு அஞ்சு குடுத்தாங்க. அதுல நாலு கணக்கு நயா பைசாவுல வந்திச்சு. இது அத்தினியையும் அணாவா நெனச்சுப் போட்டு வச்சிருக்குது. எதை வச்சுப் படிச்சேன்னு பெரிய டீச்சர் பொஸ்தகத்தை வாங்கிப் பாத்தாங்க."

"பாத்துட்டு?"

"மூணாவதுல குந்தட்டும்னு சொல்லிட்டாங்க."

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இரண்டு பென்சில் வாங்கிக்கொண்டு, காசை வைத்துவிட்டுப் போனாள். அவளுக்குச் சூட்சுமம் புரியவில்லை, விதி என்று எடுத்துக்கொண்டாள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வருஷமும் தாயும் மகளும் காலை ஒன்பதரைக்கு என் கடையைத் தாண்டிப் போவார்கள். ஜீனத் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கும். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரப் போகிறது. அவர்கள் தலை தெரிந்தாலே நான் அலமாரிப் பக்கம் திரும்பி நோட்டை அடுக்குவேன். போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். வாய் வரவில்லை. நான் கோழைதான்.

போன மாதம், நாலாவது முடிந்த லீவில், அந்தப் பெண் பெரியவளாகிவிட்டாள். மஜீது கடையில் எல்லோருக்கும் கல்கண்டு கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். வாயில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் என்று இழுத்தேன். "போதும் அண்ணாச்சி, பொட்டப் புள்ள" என்றார்.

பள்ளிக்கூடங்கள் திறந்த வாரம், கடையில் கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றது. ரசூல் பீவி ஓரமாக நின்று கூட்டம் குறையும் வரை காத்திருந்தாள்.

"அஞ்சாவதுக்கு இன்னா இன்னா வேணுமோ அல்லாம் குடுங்க அண்ணாச்சி. வூட்டுலயே சொல்லிக் குடுக்கப் போறேன்."

அஞ்சாவது அவள் படிக்காத வகுப்பு. நாலாவதைக்கூட மகளோடு உட்கார்ந்து போன வருஷம்தான் படித்திருப்பாள். இருப்பதிலேயே நல்லதாக, புதிதாக, பார்த்துப் பார்த்து எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் கணக்குப் புத்தகத்தை எடுத்தாள். கணக்கைப் பார்க்கவில்லை. முதல் தாளைப் புரட்டி, அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த வருஷத்தை விரல் வைத்துத் தேடினாள். கண்டுபிடித்து, மெல்ல வாய்விட்டுப் படித்தாள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தொன்பது."

"புதுசுதாம்மா" என்றேன்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. நான் ஒரு தபா பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்து அதன் முதல் தாளையும் புரட்டினாள். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் பார்த்து முடிக்கிற வரைக்கும் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.