தனபாலை உட்கார வைத்த கேப்டன்

வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் முழங்கால் வலிக்குத் தைலம் கேட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தனபால்தான். எடுத்தவுடன், "பிரகாசம் அண்ணன் பூட்டாருண்ணா. சாப்ட்டுட்டுப் படுத்தவரு ஏந்திருக்கல" என்றான். நான் என்ன கேட்டேன், அவன் என்ன சொன்னான் என்பதெல்லாம் நினைவில் இல்லை. தைலத்தை வாங்கினேனா, கடையிலேயே விட்டேனா என்பதும் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவது அவருக்குப் பழக்கம்தான். ஆனால் இப்படியா.

அவரோடு ஆடியவர்களும், ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்களும், அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் இதைப் படிப்பீர்கள். அவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1991-ல் நடந்ததை உங்களில் பலர் அரைகுறையாகத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். எழுதிவிட்டால் மனம் ஓரிடத்தில் நிற்கும் என்று உட்கார்ந்தேன். நிற்கவில்லை. இதற்குள்ளாகவே இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போய் வந்தாயிற்று.

எங்கள் கம்பெனி பெங்களூர் ரோட்டில் தண்டலத்தைத் தாண்டி இருந்தது. லாரிகளுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி. இன்று ஒரகடத்தில் வரிசையாக நிற்கும் ஆலைகள் அப்போது இல்லை. அங்கே பஸ்ஸை விட்டு இறங்கினால் ஏரிக்கரையும் வேர்க்கடலைக் கொல்லையும்தான். பிரகாசம் அண்ணன் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். கம்பெனி கபடி டீமின் கேப்டன். இடது மூலையில் நிற்பார். வலது மூலையில் நான். கபடி பாடி வருகிறவனின் கணுக்காலை அவர் பிடித்தால் பிடித்ததுதான். ஒருமுறை அம்பயர் விசில் ஊதி, பாயிண்ட் கொடுத்து, எல்லோரும் எழுந்த பிறகும் அவர் பிடியை விடவில்லை. "வுடுய்யா, விசிலு ஊதியாச்சி" என்று அம்பயர் கத்தினார். "விசிலு நீ ஊதன. மூச்ச இவன் இன்னும் வுடலியே" என்றார் கீழே படுத்தபடியே. பிடிபட்டவனே சிரித்துவிட்டான்.

வருஷத்துக்கு ஒருவரை ஆட்டக்காரர் என்ற முறையில் கம்பெனி வேலைக்கு எடுக்கும். யாரை எடுப்பது என்று டீம் சொல்ல வேண்டும். அதில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. களத்தில் நிற்கும் ஏழு பேரும் தலையாட்டினால்தான் பெயர் ஆபீசுக்குப் போகும். ஒருவன் ஆட்டவில்லை என்றாலும் போகாது. இதைக் கொண்டுவந்ததே பிரகாசம் அண்ணன்தான். கைகோத்து நிற்கிற ஆட்டத்தில் ஒருத்தன் மனசில்லாமல் நின்றால் அந்தப் பக்கம்தான் பாடி வந்தவன் அறுத்துக்கொண்டு போவான் என்பார்.

அந்த மே மாதம் எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததை நாடே அறியும். அதற்குப் பிறகு பல மாதம் நாலு பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ் வந்து பெயர் கேட்டது. டோர்னமெண்ட் எல்லாம் நின்று போனது. வருஷக் கடைசியில் ஒரே ஒரு போட்டிக்கு, கம்பெனிகளுக்கு இடையிலான கப்புக்கு, அனுமதி கிடைத்தது. ஆள் எடுப்பதைப் பார்க்கும் எங்கள் பர்சனல் ஆபீசர் கேப்டனையும் என்னையும் கூப்பிட்டு, "இந்த வருஷம் கப் வரலைன்னா டீமைக் கலைச்சிடுவோம். ஆள் எடுக்கிறதும் இதோட சரி. யாரை வேணும்னாலும் சொல்லுங்க, ஜெயிச்சுக் காட்டுங்க" என்றார்.

பிரகாசம் அண்ணன் தனபாலைச் சொன்னார்.

தனபாலைத் தெரியாத ஊர் அந்தப் பக்கத்தில் இல்லை. வாலாஜாபாத்துக்கு உள்ளே ஒரு கிராமம். எந்த டீமிலும் கிடையாது. எந்த ஊர் கூப்பிடுகிறதோ அந்த ஊர் பனியனைப் போட்டுக்கொண்டு ஆடுவான். பஸ் காசும் பிரியாணியும் கொடுத்தால் போதும். அவன் பாடப் போனால் பிடிக்கிறவர்கள் பின்வாங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வலது முழங்கால் சரியில்லை. முதல் நாள் மூன்று ஆட்டம் ஜெயித்துக் கொடுத்துவிட்டு மறுநாள் பந்தலுக்குப் பின்னால் காலை நீட்டிப் படுத்திருப்பான். கூட்டி வந்த ஊர்க்காரர்கள் அவனைத் தாண்டிப் போவார்கள், வருவார்கள்.

நான் வேண்டாம் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதே காரணங்களைத்தான் சொல்வேன். இருப்பது ஒரே இடம். அதில் பாதி நாள் படுக்கிறவனை வைத்துவிட்டு, அவன் காலிறுதியிலேயே படுத்துவிட்டால் டீமும் போகும், அவன் வேலையும் போகும். தண்டலத்தில் ஒருவர் இருந்தார். சுமாராகப் பாடுவார், ஆனால் அடிபட்டு உட்கார்ந்ததே கிடையாது. அவரை எடுக்கலாம் என்றேன்.

"சுமாரா ஆட்றதுக்குத்தான் நாம ஏழு பேரு கீறோமே, எட்டாவதா ஒருத்தன் இன்னாத்துக்கு?" என்றார் அண்ணன்.

கம்பெனிக்குப் பின்புறம் இருந்த காலி இடத்தில் தனபாலை வரவழைத்து ஆடிப் பார்த்தோம். வலது முழங்காலில் தடிமனாகக் கட்டுப் போட்டிருந்தான். கட்டுப் போட்ட காலைப் பிடிப்பதுதானே எந்த மூலைக்காரனும் செய்வது. நானும் அதையே பிடித்தேன். முதல் தடவை என்னை இழுத்துக்கொண்டே போய்க் கோட்டைத் தொட்டான். அடுத்த தடவை உதறிவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் முழுக்க அவனை ஒருவராலும் நிறுத்த முடியவில்லை. முடிந்ததும் குழாயடியில் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். அது வலது கால்தான். ஆனால் வீக்கம் இடது முழங்காலில் இருந்தது.

"எப்பத்துலேர்ந்து?" என்று கேட்டேன்.

"எப்பவுமே அதாண்ணா நோவு. நல்ல காலுக்குக் கட்டு கட்டிக்குவேன். எல்லாரும் அத்தத்தான் புடிப்பாங்க. இத்த வுட்ருவாங்க" என்றான், வெட்கப்பட்டுக்கொண்டு.

இத்தனை ஊரும், அவனைக் கூட்டிப் போனவர்கள் உட்பட, தவறான காலைப் பார்த்து 'வலது முழங்கால் போயிடுச்சு' என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு எரிச்சல். ஏமாற்றுக்காரன் என்றேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "நோவுற எடத்த நாலு பேருக்குக் காட்டிக்கினு எவன்டா களத்துல எறங்குவான்?" என்றார். பிறகு என் தோளில் கை போட்டு, தனியே கூட்டிப் போய், "கேசவா, கப்பு வோணுமா, வோணாவா? அத்த மட்டும் சொல்லு" என்றார்.

வேண்டும் என்றேன். மற்ற ஆறு பேரும் ஏற்கெனவே ஆட்டியிருந்த தலையை நானும் ஆட்டினேன். இதை நன்றாகக் கவனியுங்கள். கப்புக்காகத்தான் ஆட்டினேன், கேட்டவரும் கப்பைச் சொல்லித்தான் கேட்டார்.

அதற்குப் பிறகு மெடிக்கல். கம்பெனிக்கு வரும் டாக்டர் கை கால் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வேலை. அன்று காலை தனபால் கேட்டில் வந்து நின்றபோது அவன் வலது காலில் புதுக் கட்டு. "இங்க எதுக்குடா இது?" என்றேன். "அண்ணன்தான் கட்டிக்கினு வரச் சொன்னாரு" என்றான். டாக்டர் கட்டைப் பார்த்தவுடன் அதைப் பிரிக்கச் சொன்னார். மடக்கினார், நீட்டினார், தட்டினார், அழுத்திக் கேட்டார். அத்தனைக்கும் அந்தக் கால் கல் மாதிரி இருந்தது. "ஒண்ணுமில்லையே, எதுக்குய்யா பயந்து கட்டிக்கிட்டு அலையற?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இடது காலை அவர் தொடவே இல்லை. வெளியே நின்றிருந்த பிரகாசம் அண்ணன் என்னைப் பார்க்காமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

தனபால் ஆறு மாதத் தற்காலிகத்தில் சேர்ந்தான். அது முடிந்தால்தான் நிரந்தரம். அதற்குள் அடிபட்டு லீவில் படுத்தால் கேட்டுக்கு வெளியேதான். இது எனக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைக் கப்போடு சேர்த்து யோசித்தவர் ஒருவர்தான்.

போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் தனபால் வெளியே உட்கார்ந்திருந்தான். சின்ன டீம், அவனுக்கு எதற்கு அலட்டல் என்று நினைத்தோம். இரண்டாவது ஆட்டத்திலும் உட்கார்ந்திருந்தான். கடைசிக்கு வச்சிருக்கேன் என்றார் அண்ணன். முட்டி மோதி ஃபைனலுக்கு வந்தோம். ஸ்ரீபெரும்புதூர் மைதானத்தில் நல்ல கூட்டம். எங்கள் ஷிப்ட் ஆட்கள் கம்பெனி பஸ்ஸிலேயே வந்து இறங்கியிருந்தார்கள். அன்றும் தனபால் வெளியே.

இடைவேளையில் நாங்கள் பின்தங்கியிருந்தோம். "இப்பவாவது எறக்குண்ணா" என்றேன். கேட்காதது போல் தண்ணீர் குடித்தார். தனபாலே எழுந்து வந்தான். பனியனை உள்ளே செருகிக்கொண்டு, "அண்ணா, ஒரே ஒரு தபா போய்ட்டு வரேண்ணா. ஒண்ணும் ஆவாது" என்றான். அவன் குரலை நான் மறக்கவில்லை. கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது.

அண்ணன் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "வேல கைக்கு வர்ற வரிக்கும் நீ ஏந்திருக்கவே கூடாது. ஏந்திரிச்சன்னா காலு ஒடியறதுக்கு முன்னாடி நானே ஒடிச்சிடுவேன்" என்றார்.

என் காதில் விழுந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர் ஆட்டக்காரனை எடுக்கவே இல்லை. ஒரு ஆளுக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதற்கு எங்கள் ஏழு தலையையும் ஆட்ட வைத்திருக்கிறார்.

தோற்றோம். கொஞ்ச வித்தியாசத்தில்தான் தோற்றோம். தனபால் இரண்டு முறை போய்வந்திருந்தால் போதும். புது வருஷம் பிறந்ததும் டீமைக் கலைத்தார்கள். பிராக்டீஸ் செய்த இடத்தில் சைக்கிள் ஷெட் வந்தது. தனபாலுக்கு நிரந்தரம் வந்தபோது ஆடுவதற்கு டீம் இல்லை. ஊர் டீம்கள் கூப்பிட்டன. அண்ணன் ஒவ்வொரு ஊருக்கும் போய்ச் சண்டை போட்டு அதையும் நிறுத்தினார்.

நான் அவரோடு பல மாதம் பேசவில்லை. அப்புறம் ஒரே பிரஸ் ஷாப்பில் எவ்வளவு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது. பேச ஆரம்பித்தோம், பேசியதெல்லாம் இதுதான். கல்யாண வீட்டில், ஸ்டிரைக் பந்தலில், அவர் ரிடையர் ஆன அன்று மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே சந்தித்தாலும் இதே சண்டை. "எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்பேன். "சொன்னா நீ தலைய ஆட்டியிருப்பியா?" என்பார். "அப்ப அந்த வழக்கத்த எதுக்குய்யா கொண்டாந்த?" என்று நான் கேட்டால் எழுந்து போய்விடுவார். கடைசியாகப் பார்த்தபோது ஒன்று சொன்னார்: "கப்ப ஜெயிச்சிருந்தா ஆபீஸ் ரூம்ல வச்சிருப்பாங்க. நீ உள்ள போயி அத்தத் தொட்டுப் பாத்திருக்க முடியுமா?" அதற்கு நான் நல்ல பதில் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் அடுத்த வாரம் போவதாக இருந்தேன்.

அவருடைய ஊர்க் கல்லறையில் அடக்கம். ஃபாதர் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னால் நிற்க முடியாததால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். தனபால் பக்கத்தில் வந்து நின்றான். அவனும் ரிடையர் ஆகிவிட்டான், பேரன் எடுத்துவிட்டான். என் பக்கம் குனிந்து, "எனுக்கு வேலயக் குடுத்துட்டு ஆட்டத்த எடுத்துக்கினாருண்ணா" என்றான். "இன்னிக்கும் கனவுல பாடப் போறேன். கோட்டத் தொட்றதுக்குள்ள முழிச்சிக்கிறேன்."

"அவருகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அழுதாரு. ஆனா சரின்னு ஒத்துக்கல."

பெட்டியை இறக்கினார்கள். மண் போட ஆட்கள் போனார்கள். எங்கள் டீமில் உயிரோடு இருப்பவர்கள் வந்திருந்தார்கள். அடிபடாதவர்கள் என்று நம்பி எடுக்கப்பட்டவர்கள். ஒருவர் கையில் கைத்தடி. ஒருவருக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். குனிய முடியாமல் நின்றபடியே மண்ணைத் தள்ளினார்கள். தனபால் குழியின் விளிம்பில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். எதையும் பிடிக்காமல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, எதையும் பிடிக்காமல் எழுந்தான். பிறகு இன்னொரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். என் உள்ளங்கையில் அதை வைத்து, என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "வாண்ணா, மெதுவா வா" என்று குழி வரைக்கும் நடத்திக் கூட்டிப் போனான்.

கப்பு நமக்கு வந்திருக்க வேண்டும், அண்ணா. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தனபாலும் தன் ஆட்டத்தை உங்களுக்கு விட்டுக்கொடுக்கவில்லை, அதுவும் நியாயம்தான். ஆனால் நீங்கள் புதைக்கப்பட்ட இடம் வரைக்கும் நான் நடந்து வந்தது, நீங்கள் ஆட விடாமல் காத்த அந்த இடது முழங்காலை நம்பித்தான். உங்களிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அதுதான். யோசித்து வைத்திருந்த பதிலை மண்ணோடு சேர்த்துப் போட்டுவிட்டேன்.