வாய்க்காலோடு போன தாலிக்கொடி

அந்த ஒரு தடவைக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இத்தனைக்கும் அதற்கப்புறம் திருட்டுப் போகாமல் இல்லை. கிணற்று மோட்டாரின் ஒயரை அறுத்துக்கொண்டு போனார்கள். வாழைத்தார் போனது. ஒருமுறை அப்பாவின் சைக்கிளே போனது. ஒவ்வொரு முறையும் பொருள் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "சரி, எவனுக்கு என்ன அவசரமோ" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போய்விடுவார். அவரைப் பெரிய மனசுக்காரர் என்று ஊரில் சொல்வார்கள். பெரிய மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. அலுப்பு.

கோபிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை. அப்பா அரிசி மில்லில் கணக்கு எழுதினார். அம்மா எருமை வைத்துப் பால் ஊற்றினாள். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு அம்மாவும் நானும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, வாய்க்கால் கரை ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம். வெயில் இன்னும் தாழவில்லை. பின்னாலிருந்து வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று எங்கள் பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தவன் சத்தியமங்கலம் போக வழி கேட்டான்.

வழி கேட்டவனுக்கு வெறுமனே கையைக் காட்டிவிட்டுப் போகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அம்மா நின்று, பையைக் கீழே வைத்துவிட்டு, "நேராப் போயி அரசமரத்துக்கிட்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்பிக்குங்க, அப்பறம் ஒரு பாலம் வருமுங்க..." என்று வாங்க போங்க போட்டு விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாலத்துக்கு வரும்போதே பின்னால் உட்கார்ந்திருந்தவன் கையை நீட்டித் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான். அம்மா ரோட்டில் விழுந்தாள். வண்டி பறந்துவிட்டது. அவர்கள் அம்மா சொன்ன வழியில் போகவில்லை.

பிறந்த வீட்டில் போட்ட நகையோடு பால் காசையும் சேர்த்து, அழித்துச் செய்த கொடி அது. அம்மாவின் கழுத்தைச் சுற்றி வரிவரியாக ரத்தம் கட்டியிருந்தது. அன்று பொழுதோடே அப்பா ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கொம்பைக் கோத்து அவள் கழுத்தில் கட்டினார். கட்டி முடிக்கும் வரை குனிந்திருந்த அம்மா நிமிர்ந்ததும், "ஏனுங்க, ஸ்டேசனுக்குப் போலாமுங்க" என்றாள்.

அப்பாவுக்கு இஷ்டமில்லை. போன பொருள் போகட்டும், இருக்கிற நிம்மதியாவது மிஞ்சட்டும் என்றார். "நாமளா திருடுனோம், பயந்துக்கறதுக்கு?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைத்தது.

சேதி கேட்டு மாமா வந்துவிட்டார். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே எங்கெங்கோ சுற்றிச் சம்பாதித்துவிட்டு வந்து, அந்த மாதம்தான் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். திருடனைத் தேடுகிறேன் என்று அந்த வண்டியில் சுற்றுப்பட்ட ரோடு அத்தனையும் அலைந்தார். கிடைத்தால் என்ன செய்வதாக இருந்தாரோ தெரியாது. ஈக்கு அடிபட்டால்கூட ஐயோ என்கிற ஆள்.

அப்பாவும் அம்மாவும் ஸ்டேஷனுக்குக் கிளம்பியபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் சாட்சி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவன் மெரூன் கலர் கட்டம் போட்ட சட்டை, கட்டைவிரலில் பிளாஸ்திரி, வண்டி நம்பர் மேல் சேறு. எல்லாவற்றையும் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

ஸ்டேஷனில் எழுதுகிற ஏட்டுக்கு ரைட்டர் என்று பெயர். ரைட்டரிடம் எழுதுவதற்குப் பேப்பர் இல்லை. அப்பா கடைவீதிக்குப் போய் வெள்ளைப் பேப்பரும் கார்பனும் வாங்கி வந்தார். அது பத்தாது என்று டீ வாங்கி வந்தார். அதன் பிறகு ரைட்டர் அம்மாவைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். இவ்வளவு நகையைப் போட்டுக்கொண்டு எதற்கு நடந்தாய்? ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் உனக்கு என்ன வேலை? முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் நின்று என்ன பேச்சு? அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். திருடியவனைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. என்னுடைய மெரூன் சட்டை தொண்டையிலேயே நின்றது.

கடைசியில் ரைட்டர் பேனா மூடியைத் திறந்து, பறித்துக்கொண்டு போனார்கள் என்று எழுத வேண்டாம், காணாமல் போய்விட்டது என்று எழுதலாம் என்றார். பறித்தார்கள் என்றால் கேஸ், காணவில்லை என்றால் தேடல், தேடுவதுதான் உங்களுக்கு நல்லது என்று பக்குவமாகவும் சொன்னார்.

"கழுத்துல காயம் இருக்குதுங்களே சார்" என்றாள் அம்மா.

"முள்ளு கீறுனாலும் காயம் வரும்மா."

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு வா என்றார். மறுநாள் போனோம். இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அடுத்த முறை மந்திரி வருகைக்குப் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். அதற்கடுத்த முறை உள்ளேயேதான் இருந்தார், ஆனால் பார்க்க முடியாது என்றார்கள். வாசல் பக்கத்தில் ஒரு பெஞ்சு. எங்களைப் போலவே ஆடு போனவர், பம்புசெட் போனவர், மகளைக் காணாதவர் என்று அதில் எப்போதும் யாராவது இருந்தார்கள். யாரும் யாரோடும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். என் விடுமுறையில் பாதி அந்தப் பெஞ்சில் கழிந்தது. போகப் போக மெரூன் சட்டை எனக்கே கொஞ்சம் பச்சையாகத் தெரிய ஆரம்பித்தது.

அம்மா விடவில்லை. தெரிந்த வாத்தியார் ஒருவரைப் பிடித்து மேலிடத்துக்கு மனு எழுதிப் போட்டாள். மனு மேலே போய், மேலேயிருந்து இன்ஸ்பெக்டரிடமே திரும்பி வந்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உடனே விசாரணை சூடு பிடித்தது.

ஜீப் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது தெருவே கூடிவிட்டது. திருடனைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து நான் ஓடினேன். இன்ஸ்பெக்டர் பீரோவைத் திறக்கச் சொன்னார். அப்பா குடிப்பாரா, சீட்டாடுவாரா, கொடியை எங்கேயாவது அடகு வைத்துவிட்டு நாடகம் போடுகிறாரா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார். அம்மாவைப் பற்றியும் ஏதோ விசாரித்திருக்க வேண்டும். மறுநாள் பால் வாங்க வந்த பெண்கள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொம்பைப் பார்த்தே பேசினார்கள். அதுவரை எங்களுக்குக் கொடி மட்டும்தான் போயிருந்தது.

அந்தச் சமயத்தில் மாமா வந்து சேர்ந்தார், அதே மோட்டார் சைக்கிளில். இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். அக்காவுக்குக் கொடி போகிறது, அதே மாதத்தில் தம்பிக்கு வண்டி வருகிறது. அவருக்குக் கணக்கு நேராகிவிட்டது. சும்மா ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிறோம் என்றார்.

மாமா எங்கள் வீட்டுக் கண்ணாடியில் தலையை வாரிக்கொண்டார். "ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்றனுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, ஜீப்புக்குப் பின்னாலேயே தன் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். திருடனை அடையாளம் காட்டப் போகிறார் என்று நான் தெருப் பிள்ளைகளிடம் சொன்னேன்.

அன்றைக்கு மாமா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்பா தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு போனார். சோறு அப்படியே திரும்பி வந்தது. அப்பா சமையலறைக்குள் போய் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தபோது அம்மா அடுப்பின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு நாளும் அழாதவள் அப்போது அழுதாள். கேஸ் இருந்தால்தானே விசாரணை, கேஸே இல்லையென்றால் உன் மச்சானை நாங்கள் எதற்கு வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று ரைட்டர் அப்பாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

மறுநாள் காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே ஒரு புதுக் கதை சொல்லிக் கொடுத்தாள். அன்றைக்கு யாரும் வண்டியில் வரவில்லை. கை கால் கழுவலாம் என்று வாய்க்காலில் இறங்கினோம். அம்மா குனிந்தாள். கொக்கி கழன்று கொடி தண்ணீரில் விழுந்துவிட்டது. ஊரில் நாலு பேர் நாலு பேசுவார்களே என்று பயந்து, பறித்துப் போனதாகப் பொய் சொல்லிவிட்டோம். இதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

எனக்கு அதில் ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. அறுவடை முடிந்து வாய்க்காலில் தண்ணீரை அடைத்து வெகுநாள் ஆகியிருந்தது. வாய்க்காலுக்குள் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"வாய்க்கால்லதான் தண்ணியே இல்லீங்களே அம்மா?"

அம்மாவின் கை நின்றது. பின்னலை இறுக்கி முடிந்துவிட்டு, "நான் சொன்னதை மட்டும் சொல்லு கண்ணு" என்றாள்.

இந்த முறை எங்களைப் பெஞ்சில் உட்கார வைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அறைக்குள்ளேயே கூப்பிட்டு அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். ஃபேன் சுற்றியது. அம்மா சொன்னதை ரைட்டர் தன்னுடைய பேப்பரிலேயே எழுதினார். பிறகு என் முறை வந்தது. தண்ணீரைப் பற்றிக் கேட்டால் மாட்டிக்கொள்வோம், மாமாவோடு எங்களையும் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று உறுதியாக நம்பினேன். ஸ்டேஷனுக்கு வர அந்த வாய்க்கால் பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். தாண்டும்போது ஒரு தடவை குனிந்து பார்த்தாலே போதும்.

சொல்லி முடித்தேன். இன்ஸ்பெக்டர் முன்னால் சாய்ந்து, "தண்ணி வேகமாப் போச்சா பாப்பா?" என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாங்க சார். ரொம்ப வேகமாப் போச்சுங்க" என்றேன்.

அவர் ரைட்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தண்ணீரின் வேகத்தில் அடித்துச் செல்லப்பட்டது என்று ரைட்டர் சொல்லிக்கொண்டே எழுதினார். கெட்டிக்காரப் பிள்ளை, நன்றாக வளர்த்திருக்கிறாய் என்று இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் சொன்னார். என் கையில் ஒரு மிட்டாய் கொடுத்தார். அத்தனை நாளில் அந்த ஸ்டேஷனில் நாங்கள் சொன்னதை நம்பியது அன்றைக்குத்தான்.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா எங்களுக்கு இத்தனை அலைச்சல் இருந்திருக்காதும்மா."

"ஆமாங்க சார்" என்றாள் அம்மா. "எங்க தப்புதானுங்க." மஞ்சள் கயிற்றின் மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, காட்டிய இடத்தில் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

பின்பக்கத்திலிருந்து மாமாவைக் கூட்டி வந்தார்கள். தலை வாராமல் இருந்தது. மோட்டார் சைக்கிளை அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதற்காக அப்பா எத்தனை முறை நடந்தார் என்பது தனிக் கதை.

மத்தியான நேரத்து டவுன் பஸ் காலியாகக் கிடந்தது. நான் ஓடிப்போய் ஜன்னல் ஓரத்தில் மாமாவுக்கு இடம் பிடித்து வைத்தேன். மாமா மெதுவாகப் படியேறி வந்து, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார்.

"உக்காருங்க மாமா."

"நீ உக்காரு அம்மணி. ஜன்னல்ல காத்து நல்லா வரும்."

அப்பா முன் சீட்டில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அம்மா முகத்தை முந்தானையால் மூடியிருந்தாள். வீட்டுக்குத் தம்பி திரும்பி வருகிற நாளில் இவர்களுக்கு என்ன வந்தது என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. மாமாவை எட்டி இழுத்து, நான் போலீஸை ஏமாற்றிய கதையை அவர் காதில் ரகசியமாகச் சொன்னேன். வாய்க்காலில் தண்ணீரே இல்லை, அந்த ஆளுக்கு அதுகூடத் தெரியவில்லை என்றேன்.

மாமா சிரித்தார். "அவிங்களுக்கு என்ன தெரியும் அம்மணி, ஒண்ணுமே தெரியாது" என்றார். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

நான் மிட்டாயைச் சப்பிக்கொண்டே தலையை வெளியே நீட்டிக் காற்று வாங்கினேன். ஊர் வரைக்கும் மாமா உட்காரவே இல்லை. ஜன்னல் ஓர இடத்தை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.