வெலிங்டன் பக்கத்தில்தானே

நகுலேஸ்வரி அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் ஒரே மகள் எந்த ஊருக்குப் போனாலும், அங்கே ஒரு தமிழரைத் தேடிப் பிடித்து, போன் போட்டு, "பிள்ளை அங்க வாறாள், ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று பாரம் கொடுத்துவிடுவார். சாருஜா மருத்துவம் படிக்க மான்செஸ்டர் போனபோது ஒரு பலசரக்குக் கடைக்காரர் அகப்பட்டார். அபெர்டீனில் வேலை கிடைத்தபோது யாருடைய மச்சானின் கூட்டாளியோ ஒருவர். அந்தப் பாவப்பட்ட மனிதர் இடியப்பப் பார்சலோடு மருத்துவமனை வாசலில் நின்றதாகக் கேள்வி.

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் நான் அக்காவுக்கு அடுத்த வீடு. இந்தப் பழக்கத்தை நிறையக் கேலி செய்திருக்கிறேன். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். இளம் வயதில், ஒரு சொல் ஜெர்மன் தெரியாமல், பிராங்ஃபேர்ட் விமான நிலையத்தில் தனியாக நின்றவர் அவர். யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய அம்மா யாருக்கோ எழுதி, அந்த யாரோ வேறு யாருக்கோ சொல்லி, கடைசியில் முன்பின் தெரியாத ஒரு பெண் குளிருக்குப் போட ஒரு கோட்டோடு வந்து கூட்டிப்போனாராம். அது பச்சைக் கோட்டு என்று இன்றைக்கும் சொல்வார். பிறகு கல்யாணம், சாருஜா, கணவரின் சாவு. பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்து, தமிழ்க் கடையொன்றின் சமையலறையில் ரோல்ஸும் வடையும் செய்தே அவளை டொக்டராக்கினார்.

அந்த டொக்டர்தான் போன வருடம் பிட்கேர்ன் தீவுகளில் ஒரு வருட வேலைக்குச் சம்மதித்துவிட்டு வந்து நின்றாள். கெட்டிக்காரி. "பிரிட்டனுக்குச் சொந்தமான இடம்தான் அம்மா. கவர்னர் வெலிங்டனில இருக்கிறார்" என்றாள். இரண்டும் உண்மை. பசிபிக் கடலின் நடுவில் நான்கு தீவுகள். மூன்றில் ஆளே இல்லை. நான்காவதில் ஐம்பது பேர்கூட இல்லை. அவர்களுக்கென்று ஒரு சபையும் ஒரு மேயரும் உண்டு. மேலே கவர்னர். நியூசிலாந்தில் இருக்கும் பிரிட்டிஷ் தூதரே அந்தப் பதவியையும் பார்த்துக்கொள்கிறார். இதையெல்லாம் சாருஜா சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. வெலிங்டன் என்றதுமே அவருக்கு அங்கே குடியிருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் வாமதேவன் ஞாபகம் வந்துவிட்டது.

அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் கணக்கில், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகம் யாழ்ப்பாணத்தில் இருந்தால் நெடுந்தீவும் நயினாதீவும் படகில் போய்வரும் தூரம். ஆளுகிறவர் வெலிங்டனில் இருந்தால் தீவு வேறு எங்கே இருக்கும்? வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் "மகள் வெலிங்டன் பக்கம் போறாள்" என்று சொல்லிவிட்டுத்தான் வாமதேவனுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமையில காரில போய் ஒருக்காப் பாத்திட்டு வாங்கோ. ஒரு சோறு கறி குடுத்தாப் போதும்."

"எந்தத் தீவெண்டு சொன்னனி?"

சொன்னார். போனில் டக் டக்கென்று தட்டும் சத்தம் கேட்டது. மனிதர் கம்ப்யூட்டரில் தேடியிருக்க வேண்டும்.

"விசர்க்கதை கதையாதை நகுலேஸ். லண்டனிலயிருந்து டொரொண்டோ போற தூரமடி! எயர்போட்டும் இல்லை. தாஹிட்டிக்குப் போய், அங்கயிருந்து வேறொரு தீவுக்குப் பறந்து, பிறகு கப்பல். நான் எந்தக் காரில போறது?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அன்று பின்னேரம் சாருஜா வந்ததும் சண்டை. "போகவேண்டாம்" என்றார் அக்கா. "அங்க உன்னை ஆர் பாப்பினம்?"

"என்னை ஏன் பாக்கவேணும்? நான்தானே அம்மா டொக்டர்."

"உனக்கொரு காய்ச்சல் வருத்தம் வந்தா?"

சாருஜா கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதன்பின் தாய்க்கும் மகளுக்கும் பேச்சு நின்றுபோனது. இப்படியே, பேசாமலேயே அவள் கப்பலேறிவிடுவாளோ என்று நான் தவித்தேன். போய்விட்டால், இடையில் நினைத்த நேரம் திரும்பி வரக்கூடிய இடமா அது?

ஒரு ஞாயிறு, பெட்டி எடுக்க வந்தாள் சாருஜா. அக்கா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அப்போது சாருஜாவுக்கு ஒரு வீடியோ அழைப்பு வந்தது. தீவுக்காரர்களோடு முன்கூட்டியே பழகவென்று அவள் தன் எண்ணைக் கொடுத்திருந்தாள். அழைத்தவர் மெரில், ஆக்லாந்தில் வேலை செய்யும் ஒரு தீவுப் பெண். அவருடைய அப்பா தீவில் தனியாக இருக்கிறாராம். இதய நோயாளி. மாத்திரை போட்டேன் என்று பொய் சொல்வாராம். "என்னால் நினைத்தபடி போக முடியவில்லை, டொக்டர். கொஞ்சம் பார்த்துக்கொள்வீர்களா?" என்றபோது அவர் குரல் உடைந்துவிட்டது.

ஆங்கிலம்தான். ஆனால் அந்தக் கேள்வியை அக்காவுக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. வாழ்நாளெல்லாம் அவர் கேட்டுவந்த கேள்வி அது. அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து மகளின் தோளுக்கு மேலால் போனை எட்டிப் பார்த்தார்.

"அப்பா என்ன சாப்பிடுறவர்?" என்று தன் ஆங்கிலத்தில் கேட்டார்.

மெரில் அழுகைக்கு நடுவே சிரித்தார். மீன், பிரெட்ஃப்ரூட் என்றார். எங்கள் ஊரில் கறி வைக்கும் ஈரப்பலாக்காய்தான் அது.

"ஈரப்பலா இருக்கிற ஊரோ!" அக்கா மகளின் பக்கம் திரும்பினார். அத்தனை நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. "வாயைத் திறக்கச் சொல்லிப் பார், பிள்ளை. மாத்திரை போட்டனெண்டு சொன்னா நம்பாதை."

அவ்வளவுதான் அவர் கொடுத்த அனுமதி. சாருஜா தாயைக் கட்டிக்கொண்டாள். நான் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

தீவில் இறங்கியபின் அவள் அழைத்தபோதும் நான் அங்கே இருந்தேன். சாப்பிட்டாயா என்றுகூட அக்கா கேட்கவில்லை.

"அந்த ஐயா மாத்திரை போட்டவரோ?"

"ஓம் அம்மா. இங்க ஒரே மழை. நான் கப்பலால இறங்கிப் படகில வரேக்க, அவர்தான் கரையில ஒரு கோட்டோட நிண்டவர். மெரில் சொல்லித்தான் வந்தவராம்."

அக்காவின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

"என்ன நிறம்?" என்று கேட்டார்.